அழற்சியைப் பற்றவைக்கும் முப்புரி இழை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காய்ச்சல், மூட்டு வீக்கம், சிவந்து வலிக்கும் புண் என்று வெளியில் நாம் பார்க்கும் அழற்சிக்குப் பின்னால், செல்லுக்குள் ஒரு கட்டுமான வேலை நடக்கிறது. அதுவரை தனித்தனியாக மிதந்துகொண்டிருந்த புரதங்கள், சில நிமிடங்களில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நீண்ட இழைகளாகின்றன. இதைப் பற்றி மாணவர்களும் உயிரியல் ஆசிரியர்களும் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லா இழைகளுக்கும் சம இடம் கொடுக்கவில்லை. ஏ.எஸ்.சி. என்ற ஒரு புரதத்தை நடுவில் வைத்துக்கொண்டு பேசுகிறேன். அது பிடிபட்டுவிட்டால் மற்றவை எளிது.

முதலில், இந்த இழை எங்கே, எப்போது உருவாகிறது?

மேக்ரோஃபேஜ் போன்ற நோயெதிர்ப்பு செல்களின் உள்ளே. கிருமியோ, யூரிக் அமிலப் படிகம் போன்ற உறுத்தும் பொருளோ உள்ளே வந்தால், அல்லது செல்லின் உள்நிலை குலைந்தால், அதை உணரும் புரதங்கள் இருக்கின்றன. அவற்றில் அதிகம் பேசப்படுவது என்.எல்.ஆர்.பி.3. அது விழித்துக்கொண்டதும் ஏ.எஸ்.சி.யைக் கூட்டுகிறது. ஏ.எஸ்.சி. இழையாக வளர்ந்து கேஸ்பேஸ்-1 என்ற நொதியைக் கூட்டுகிறது. ஒன்றோடொன்று நெருங்கிய கேஸ்பேஸ்-1 மூலக்கூறுகள் தங்களைத் தாங்களே வெட்டிச் செயலுக்கு வந்து, அழற்சிச் சேதி சொல்லும் இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற புரதத்தைப் பக்குவப்படுத்துகின்றன. கூடவே கேஸ்டெர்மின்-டி என்ற புரதத்தையும் வெட்டுகின்றன. வெட்டுப்பட்ட அதன் துண்டு செல்சவ்வில் துளை போடுகிறது. துளை வழியாக இன்டர்லூக்கின் வெளியே போய் மற்ற செல்களுக்குச் சேதி சொல்கிறது. பெரும்பாலும் அந்தச் செல் செத்தும் போகிறது.

இந்தக் கூட்டுக்கு 'இன்ஃப்ளமசோம்' என்று பெயர் வைத்தவர்கள் 2002-இல் சுவிட்சர்லாந்தின் லோசானில் வேலை செய்த ஃபேபியோ மார்ட்டினோன், கிம்பர்லி பர்ன்ஸ், யூர்க் சோப் ஆகிய மூவர்.

ஏ.எஸ்.சி. எப்படிப்பட்ட புரதம்?

சின்னப் புரதம். மொத்தமே 195 அமினோ அமிலங்கள். முன்பாதியில் பைரின் டொமைன், பின்பாதியில் கார்டு டொமைன், நடுவில் நெகிழ்வான ஒரு இணைப்பு. (டொமைன் என்பது தனியாக மடிந்து நிற்கும் புரதப் பகுதி.) இரு கைகளாலும் வெவ்வேறு ஆட்களைப் பிடிக்கிற இடையாள் என்று வைத்துக்கொள்ளலாம். பைரின் கை மேலே உணர்வுப் புரதத்தைப் பிடிக்கும், கார்டு கை கீழே கேஸ்பேஸ்-1ஐப் பிடிக்கும். தனக்கென்று நொதி வேலை எதுவும் கிடையாது.

1999-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதைக் கண்டறிந்தபோது இன்ஃப்ளமசோம் என்ற கருத்தே பிறக்கவில்லை. சாகும் தறுவாயில் இருந்த ரத்தப் புற்றுநோய் செல்களில் இந்தப் புரதம் ஒரு புள்ளியாகத் திரண்டிருந்ததைப் பார்த்தார்கள். பெயரிலேயே 'புள்ளி' என்ற பொருள்படும் 'ஸ்பெக்' என்ற சொல் ஏறிவிட்டது. அந்தப் புள்ளிக்குள் என்ன இருக்கிறது என்று தெளிவாகத் தெரிய இன்னும் 15 ஆண்டுகள் ஆயின.

இழையின் அமைப்பைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல முடியுமா?

சொல்கிறேன். எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

பைரின் டொமைன் என்பது ஆறு ஆல்ஃபா சுருள்கள் சேர்ந்த ஒரு கட்டு. கார்டு, டெத் டொமைன், டெத் எஃபெக்டர் டொமைன் ஆகியவையும் இதே அச்சில் வார்த்த உறவுகள்தான். இந்த ஆறு சுருள் கட்டின் பரப்பில் மூன்று வகையான இணைப்பு முகங்கள் உண்டு. ஆய்வாளர்கள் அவற்றை முதல், இரண்டாம், மூன்றாம் வகை என்று எண்ணிட்டு அழைக்கிறார்கள். ஒவ்வொரு வகையிலும் இரண்டு பக்கங்கள்: ஒரு மூலக்கூறின் 'அ' பக்கம் அடுத்ததின் 'ஆ' பக்கத்தில் பொருந்தும். ஆக ஒரே மூலக்கூறு ஆறு பக்கத்து மூலக்கூறுகளைப் பிடித்துக்கொள்ள முடியும். இதனால்தான் சங்கிலி இரண்டு மூன்று மூலக்கூறுகளோடு நிற்காமல் நீண்டுகொண்டே போகிறது.

மனித ஏ.எஸ்.சி.யின் பைரின் இழையை ஹார்வர்டு மருத்துவப் பள்ளியின் ஹாவ் வூ குழு, சுருள் இழைகளின் அமைப்பை ஆராயும் எட்வர்ட் எகல்மனோடு சேர்ந்து 2014-இல் 3.8 ஆங்ஸ்ட்ராம் நுணுக்கத்தில் படம்பிடித்தது (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது நானோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு). பார்த்தால் அது ஒரு முப்புரி. மூன்று சரங்கள் ஒன்றையொன்று சுற்றி ஏறுகின்றன. வெளி விட்டம் ஏறத்தாழ 9 நானோமீட்டர், நடுவில் சுமார் 2 நானோமீட்டர் அகலத்துக்கு ஒரு துளை. ஒவ்வோர் அடுக்கிலும் மூன்று மூலக்கூறுகள். அடுத்த அடுக்கு சுமார் 14 ஆங்ஸ்ட்ராம் மேலே, சுமார் 53 டிகிரி திரும்பி உட்காருகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு மைக்ரோமீட்டர் நீள இழைக்கு 2,100 மூலக்கூறுகளுக்கு மேல் வேண்டும்.

ஒவ்வொரு சரத்தையும் நீளவாக்கில் பிடித்து வைப்பது முதல் வகை முகம். மூன்று சரங்களையும் பக்கவாட்டில் கட்டுபவை இரண்டாம், மூன்றாம் வகைகள். முதல் வகையில் மின்னூட்டம்தான் முக்கியம். 21-ஆம் இடத்து லைசின், 41-ஆம் இடத்து ஆர்ஜினின் போன்ற நேர்மின் அமினோ அமிலங்கள் ஒரு பக்கம். 13-ஆம் இடத்து குளூட்டமிக் அமிலம், 48-ஆம் இடத்து அஸ்பார்டிக் அமிலம் போன்ற எதிர்மின் அமினோ அமிலங்கள் மறுபக்கம். இந்த இடங்களில் ஒன்றை மாற்றினால் சோதனைக் குழாயில் இழை வருவதில்லை, செல்லில் புள்ளியும் வருவதில்லை.

கயிற்றோடு ஒப்பிடும்போது ஓர் எச்சரிக்கை. கயிற்றில் முதலில் நீண்ட நார்கள் இருக்கும், அவற்றை முறுக்குவோம். இங்கே நீண்ட நார் என்று எதுவுமே கிடையாது. உருண்டையான மணிகள் வந்து வந்து உட்காருவதால்தான் நீளமே உண்டாகிறது.

இவ்வளவு ஒட்டும் புரதத்தை ஆய்வகத்தில் எப்படிக் கையாளுகிறார்கள்?

கஷ்டப்பட்டுத்தான். சாதாரண நிலையில் தூய ஏ.எஸ்.சி. குழாயிலேயே இழையாகிவிடும். முழுநீள ஏ.எஸ்.சி.யின் தனி மூலக்கூறு அமைப்பை என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) முறையில் 2009-இல் கண்ட ஏவா டி ஆல்பா, அமிலத்தன்மை அதிகமான கரைசலில் வைத்துத்தான் அதைப் பிரித்து நிறுத்த முடிந்தது. இன்னொரு வழி, மால்டோஸைப் பிடிக்கும் ஒரு பெரிய பாக்டீரியப் புரதத்தை முன்னால் ஒட்டிவிடுவது. அது குறுக்கே நிற்கும்வரை மணிகள் ஒன்றையொன்று நெருங்க முடியாது. நமக்கு வேண்டிய நேரத்தில் ஒரு நொதியால் அந்த ஒட்டுப் புரதத்தை வெட்டிவிட்டால், அந்த நொடியிலிருந்து இழை வளர்வதை ஒளிர்வு அளவீட்டில் பின்தொடரலாம்.

கிரையோ எலக்ட்ரான் நுண்ணோக்கியில் எடுத்த படத்தை முழுசாக நம்பலாமா?

கிரையோ முறையில் இழைகளைக் கண்ணாடி போன்ற பனியில் உறையவைத்து, ஆயிரக்கணக்கான மங்கலான படங்களைக் கணினியில் சேர்த்து ஒரு முப்பரிமாண வடிவம் கட்டுகிறார்கள். இழைகளில் ஒரு வசதி உண்டு: ஒரே இழையில் ஒரே மூலக்கூறு எல்லாக் கோணங்களிலும் கிடைக்கும். அதே இடத்தில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. எத்தனை சரங்கள், எவ்வளவு திருப்பம், எவ்வளவு ஏற்றம் என்று சுருளின் அளவுகளை நாம்தான் கணினிக்குச் சொல்லவேண்டும். தவறான அளவுகளைச் சொன்னாலும், நுணுக்கம் குறைவாக இருந்தால், பார்க்கச் சரியான ஒரு வடிவம் வந்துவிடும்.

மாவ்ஸ் இழையில் இது நிஜமாகவே நடந்தது. வைரஸ் ஆர்.என்.ஏ.வை உணர்ந்ததும் மைட்டோகாண்ட்ரியாவின் மேல் இழையாகும் புரதம் மாவ்ஸ். 2014-இல் ஒரு குழு அதை முப்புரி என்று வெளியிட்டது. கிட்டத்தட்ட அதே சமயத்தில் சுன் ஹர் என்ற ஆய்வாளரின் குழு அது ஒற்றைச் சரமாக, இடப்பக்கம் சுற்றி ஏறும் சுருள் என்று காட்டியது. எகல்மன் முதல் குழுவின் படங்களையே திரும்பக் கணக்கிட்டு, ஒற்றைச் சரம்தான் பொருந்துகிறது என்று எழுதினார். முப்புரி என்று சொன்ன குழு தரவுகளை மறுபடி ஆராய்ந்து திருத்தம் வெளியிட்டது. மாணவர்களுக்கு நான் இந்தக் கதையை அவசியம் சொல்வேன். அமினோ அமிலங்களின் பக்கச் சங்கிலிகள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு நுணுக்கம் வரும்வரை சுருளின் அளவுகளைச் சந்தேகிக்கத்தான் வேண்டும்.

உணர்வுப் புரதமே நேராக நொதியைக் கூப்பிட்டால் ஆகாதா? நடுவில் எதற்கு இழை?

எல்லாக் கேள்விகளிலும் முக்கியமானது இது.

ஒரு காரணம் பெருக்கம். உணர்வுப் புரதத்தின் சில மூலக்கூறுகள் மட்டும் விழித்தால் போதும். அவற்றின் மேல் ஆயிரக்கணக்கான ஏ.எஸ்.சி. சேர்கிறது, ஒவ்வோர் ஏ.எஸ்.சி.யின் கார்டு கையும் கேஸ்பேஸ்-1க்கு ஓர் இடம் தருகிறது. ஆனால் அதைவிட ஆழமான காரணம் ஒன்று உண்டு. அழற்சி அரைகுறையாக நடக்கக் கூடாது. தேவையில்லாதபோது சிறிதும் கசியக் கூடாது, தேவைப்படும்போது முழுசாக நடக்கவேண்டும். இழை இந்த இரண்டையும் ஒருசேரக் கொடுக்கிறது.

பனங்கற்கண்டு எடுப்பதை நினைத்துப் பாருங்கள். கெட்டியாகக் காய்ச்சிய பதநீர்ப் பாகை, நூல் கட்டிய பாத்திரத்தில் ஊற்றி அசைக்காமல் வைப்பார்கள். பாகு தாங்கக்கூடியதைவிட அதிகச் சர்க்கரை அதில் இருக்கிறது. இருந்தும் படிகம் தொடங்க ஒரு பிடிமானம் வேண்டும். நூலில் முதல் துகள் பிடித்துவிட்டால் அப்புறம் கட்டி தானாக வளரும். செல்லுக்குள் ஏ.எஸ்.சி.யும் அப்படித்தான் காத்திருக்கிறது. வளர்வது சுலபம், தொடங்குவது கடினம். இரண்டு மூன்று மணிகள் தற்செயலாக மோதிச் சேர்ந்தாலும் பிடிக்கப் போதுமான முகங்கள் இல்லாமல் பிரிந்துவிடும். ஓர் அடுக்கு முழுதாக அமைந்த பிறகுதான் அடுத்தது வந்து உட்கார வசதி. கற்கண்டுக்கு வாரக்கணக்கில் ஆகும், செல்லுக்குச் சில நிமிடம் போதும். வேறுபாடு அதில்தான்.

தொடக்கத்தில் இருக்கும் இந்தத் தடைதான் பாதுகாப்புப் பூட்டு. ஸ்டவர்ஸ் ஆய்வு நிறுவனத்தில் ராண்டல் ஹாஃப்மன் குழு பி.சி.எல்.10 என்ற இன்னொரு இழைப் புரதத்தில் 2022-இல் இதைக் காட்டியது. விதை (கற்கண்டின் முதல் துகள் போன்ற தொடக்கம்) இல்லாத செல்லில் அந்தப் புரதம் அளவுக்கு மீறிச் செறிந்திருந்தும் கரைந்தே கிடந்தது. விதை கிடைத்ததும் செல் முழுவதும் ஒரேயடியாக மாறியது. தனிச் செல்லை எடுத்துப் பார்த்தால் பாதி மாறிய நிலை கிடையாது. பற்றியது, பற்றாதது, இவ்வளவுதான்.

அப்படியானால் விதை எங்கிருந்து வருகிறது?

உணர்வுப் புரதத்தின் வடிவத்திலிருந்து. ஓய்வில் இருக்கும் மனித என்.எல்.ஆர்.பி.3 பத்து மூலக்கூறுகள் சேர்ந்த ஒரு கூண்டாக இருப்பதை 2022-இல் வெளியான அமைப்பு காட்டியது. பைரின் டொமைன்கள் கூண்டுக்குள் அடைந்து கிடக்கின்றன, அதனால் ஏ.எஸ்.சி. அவற்றைத் தொட முடியாது. தூண்டப்பட்டதும் வடிவம் மாறி, நெக்-7 என்ற புரதத்தின் துணையோடு வட்டத் தட்டாகிறது. 2023-இல் இந்தத் தட்டின் படம் வந்தது. தட்டின் நடுவில் பைரின் டொமைன்கள் ஒன்றுகூடி, ஏ.எஸ்.சி. இழையின் முதல் சில அடுக்குகளுக்கு ஒப்பான சுருளாக நிற்கின்றன. வரும் ஏ.எஸ்.சி.க்கு அது ஏற்கெனவே கட்டி முடித்த அடித்தளம். இழை அந்தத் தளத்திலிருந்து ஒரு திசையில் வளர்கிறது.

பாக்டீரியாவின் சாட்டையிழைப் புரதத்தையும் ஊசிப் புரதத்தையும் உணரும் நெய்ப்–என்.எல்.ஆர்.சி.4 கூட்டு இன்னும் அழகு. ஒரே ஒரு நெய்ப் மூலக்கூறு பாக்டீரியப் புரதத்தைப் பிடித்தால் போதும். அது ஒரு என்.எல்.ஆர்.சி.4ஐத் திறக்கும், அது அடுத்ததைத் திறக்கும், இப்படியே பத்துப் பன்னிரண்டு சேர்ந்து சக்கரமாகும். 2015-இல் இதைப் படத்தில் பார்த்தோம்.

இழை எப்படி ஒரே ஒரு புள்ளியாகத் திரள்கிறது?

பைரின் பகுதி முப்புரியின் மையத்தில் இருக்க, கார்டு பகுதிகள் வெளிப்பக்கம் தொங்குகின்றன. ஒரு இழையின் கார்டுகள் இன்னொரு இழையின் கார்டுகளைப் பிடிக்கும்போது இழைகள் பின்னிக்கொண்டு பந்தாகின்றன. கார்டைப் பிடிக்கும் நுண் எதிர்ப்புரதம் ஒன்றைச் செல்லுக்குள் வைத்தபோது பந்து திரளவில்லை, தனித்தனி இழைகளே கண்ணுக்குத் தெரிந்தன என்று 2016-இல் வெளியான ஆய்வு காட்டியது. பந்தின் குறுக்களவு ஏறத்தாழ ஒரு மைக்ரோமீட்டர் இருக்கும். பொதுவாக ஒரு செல்லுக்கு ஒன்றுதான்: முதலில் வளர்ந்தது சுற்றியிருக்கும் ஏ.எஸ்.சி.யை எல்லாம் இழுத்துக்கொள்வதால் இரண்டாவதற்கு மூலப்பொருள் மிஞ்சுவதில்லை.

இதை நிறுத்தும் வழி செல்லிடம் இருக்கிறதா?

இருக்கிறது. மனிதரில் பைரின் டொமைன் மட்டுமே உள்ள சின்னப் புரதங்களும், கார்டு மட்டுமே உள்ள சின்னப் புரதங்களும் உண்டு. இன்கா என்பது கார்டு வகை. கேஸ்பேஸ்-1உம் தன் கார்டால் இழையாக அடுக்கும்போது, அதன் நுனியில் உட்கார்ந்து அடுத்தது வராமல் மூடிபோட்டுவிடுகிறது. முழு இழையையும் எதிர்த்துப் போராட வேண்டியதில்லை, வளரும் நுனியை அடைத்தால் போதும் என்பது அருமையான சிக்கனம். பைரின் மட்டுமே உள்ள புரதங்கள் எலிகளில் இல்லை. எலியில் கிடைத்த முடிவை மனிதருக்குப் பொருத்தும்போது இதை மறந்துவிடக் கூடாது.

இது அமிலாய்டா? பிரியான் நோய் மாதிரியா?

பிரியான் என்பது தவறாக மடிந்து, மற்ற மூலக்கூறுகளையும் தன் வடிவத்துக்கு மாற்றும் புரதம். 'பிரியான் போன்ற' என்ற சொல் 2011-இலும் 2014-இலும் டல்லாஸில் ஜிஜியான் சென் குழு வெளியிட்ட கட்டுரைகளால் பரவியது. விதையிட்டால் பரவும், ஒருமுறை மாறினால் எளிதில் திரும்பாது என்ற நடத்தையில் ஒற்றுமை உண்மை. அமைப்பில் அப்படி இல்லை. அமிலாய்டில் புரதம் தன் பழைய மடிப்பை விட்டுவிட்டுத் தட்டையான பீட்டா தகடுகளாக அடுக்கும். ஏ.எஸ்.சி.யும் மாவ்ஸும் தங்கள் ஆறு சுருள் மடிப்பை அப்படியே வைத்துக்கொண்டு அடுக்குகின்றன.

ஆனால் நோயெதிர்ப்பில் உண்மையான அமிலாய்டும் உண்டு. நெக்ரோப்டோசிஸ் என்ற செல் மரணத்தில் ரிப்-1, ரிப்-3 என்ற கைனேஸ் நொதிகள் 'ரிம்' என்ற சிறு பகுதியால் கோத்து அமிலாய்டு ஆகின்றன. 2012-இல் இது தெரிந்தது. பொதுவாக அமிலாய்டு என்றாலே மூளைச் சிதைவு என்று பயப்படுகிறோம். இங்கே அது செல்லின் முறையான கருவி. போடோஸ்போரா ஆன்சரினா என்ற பூஞ்சையில் ஹெட்-எஸ் என்ற புரதமும் இதே மாதிரி அமிலாய்டு விதையால் செல் மரணத்தைத் தொடங்குகிறது. பூஞ்சைக்கும் நமக்கும் இந்த உத்தி பொதுவாக இருப்பதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே புல்லரித்தது.

வேறு எங்கெல்லாம் இப்படி இழைகள்?

லிம்போசைட் என்ற வெள்ளணுக்களில் கார்மா-1 என்ற புரதம் விதையிட, பி.சி.எல்.10 இழையாகி மால்ட்-1 என்ற புரதத்தைச் சேர்க்கிறது. பூஞ்சைக் கிருமிகளுக்கு எதிராகக் கார்டு-9 என்ற புரதம் அதே பி.சி.எல்.10ஐத் தூண்டுகிறது. கேஸ்பேஸ்-8உம் இழையாகும். மிட்டோசோம் என்ற கூட்டு சுருள்தான், ஆனால் இழை இல்லை: மிட்-88 ஆறு, ஐராக்-4 நான்கு, ஐராக்-2 நான்கு என்று புரதங்களை எண்ணி வைத்தாற்போல நின்றுவிடும்.

செல் செத்த பிறகு அந்தப் புள்ளி என்ன ஆகிறது?

அழிவதில்லை, வெளியே வருகிறது. வெளியிலும் அது கேஸ்பேஸ்-1ஐத் தாங்கி வேலை செய்கிறது, வேறு மேக்ரோஃபேஜ் அதை விழுங்கினால் அங்கேயும் விதையாகிறது. 2014-இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே இதைக் காட்டின. 2017-இல் ஜெர்மனியின் பான் நகர ஆய்வாளர்கள், மூளையின் மைக்ரோக்ளியா செல்கள் வெளியிடும் ஏ.எஸ்.சி. புள்ளிகள் ஆல்ஸைமர் நோயின் அமிலாய்டு-பீட்டாவோடு ஒட்டி அதன் திரட்சியைத் தூண்டுவதை எலிகளில் காட்டினார்கள்.

நோயாளிக்கு இதனால் என்ன பயன்?

என்.எல்.ஆர்.பி.3 மரபணுவில் ஒரே எழுத்து மாறினாலும் விதை தானாக உருவாகும் நோய்கள் உண்டு. 2001-இல் அந்த மரபணு அடையாளம் காணப்பட்டது. குளிர் பட்டாலே காய்ச்சலும் தடிப்பும் வரும் குழந்தைகள் இதில் அடக்கம். அனாகின்ரா, ரிலோனாசெப்ட், கனாகினுமாப் ஆகிய மருந்துகள் அவர்கள் வாழ்க்கையை மாற்றின. இவை இழையைத் தொடுவதில்லை, கடைசியில் வெளிவரும் இன்டர்லூக்கின்-1இன் வேலையைத் தடுக்கின்றன. மாரடைப்பு வந்த 10,061 பேரிடம் கனாகினுமாப்பைச் சோதித்த கான்டோஸ் ஆய்வு 2017-இல் வெளியானது. 150 மில்லிகிராம் அளவில் மறுபடி மாரடைப்பு, பக்கவாதம், இதயச் சாவு நேர்வது சுமார் 15 சதவீதம் குறைந்தது. உயிர்பறிக்கும் தொற்றுகள் கூடின. முழு இன்டர்லூக்கினையும் அடைப்பதன் விலை அது. எம்.சி.சி.950 என்ற மூலக்கூறு இந்தத் தொடரின் முதல் படியிலேயே தடுக்கிறது: என்.எல்.ஆர்.பி.3ஐக் கூண்டு வடிவிலேயே பூட்டிவைத்து, விதையே உருவாகாமல் செய்கிறது.

கடைசியில் செல் வெடிப்பது கேஸ்டெர்மின் துளையால்தானே?

நெடுங்காலம் அப்படித்தான் நினைத்தோம். துளை விழுந்தால் தண்ணீர் புகும், செல் உப்பித் தானாகக் கிழியும் என்று. 2021-இல் ஜெனென்டெக் என்ற மருந்து நிறுவனத்தின் ஆய்வாளர்கள் நின்ஜ்-1 என்ற சவ்வுப் புரதம் இல்லாத மேக்ரோஃபேஜ்களைப் பார்த்தார்கள். துளை விழுந்தது, செல் உப்பியது, செத்தும் போனது. ஆனால் கிழியவில்லை. 2023-இல் அமைப்பு வெளியானபோது நின்ஜ்-1உம் சவ்வுக்குள் வேலி போல வரிசையாக அடுக்கி இழையாவது தெரிந்தது. அந்த இழையின் ஒரு பக்கம் நீரை விரும்பும், மறுபக்கம் கொழுப்பை விரும்பும், அதனால் சவ்வு பிளக்கிறது. அதே ஆண்டு, நின்ஜ்-1 மூலக்கூறுகள் ஒன்றுசேராமல் தடுக்கும் ஓர் எதிர்ப்புரதத்தை எலிகளுக்குக் கொடுத்தபோது கல்லீரல் சேதம் குறைந்தது. இன்டர்லூக்கினையோ கேஸ்பேஸையோ விட்டுவிட்டு, இழை கோப்பதையே குறிவைத்த சோதனை அது.